சிக்கலும் முடிச்சும்

சென்ற திங்கள் திருமானூரில் உறவினர் ஒருவர் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூரிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் அது. காலையில் அவ்வீட்டு மூதாட்டியார் திண்ணையில் அமர்ந்து தம் பெயர்த்திக்குத் தலைவாரிக் கொண்டிருந்தார். பள்ளிக்குப் புறப்பட வேண்டிய அச்சிறுமி வலி பொறாமல், "அப்பாயி, மெதுவா! ஒரே டேங்கிளா இருக்கு" என்றாள்.

"என்னடி அது, டேங்கிளு?"

"அதான் அப்பாயி, சாம்பு டப்பாவுல போட்டிருக்கே. முடி பின்னிக்கிட்டு நிக்கிறது."

மூதாட்டியார் சிரித்தார். "அடி போடி! இது சிக்கு. இந்தா, காதோரத்துல கட்டிக்கிட்டு நிக்குதே, இது சிடுக்கு. நேத்து நீ நாடாவுல போட்டுவெச்சியே, அது முடிச்சு. சிக்கை எடுக்கணும். சிடுக்கை எண்ணெய் விட்டு நெம்பணும். முடிச்சை அவுக்கணும். எல்லாம் ஒண்ணுன்னு நெனச்சு இழுத்தா முடிதான் கையோட வரும்."

பள்ளிப்படியை மிதியாத அம்மூதாட்டியார், ஒரே மூச்சில் மூன்று நிலைகளைப் பிரித்து, மூன்றுக்கும் மூன்று பெயர் கூறி, மூன்றுக்கும் மூன்று வினையும் கூறிவிட்டார். நூல்பல பயிலும் பெயர்த்தியிடமோ ஒரே சொல்தான் இருந்தது. அதுவும் கடனாக வந்த சொல். எடுப்பதா, நெம்புவதா, அவிழ்ப்பதா என்பதை அச்சொல் அவளுக்குச் சொல்லித் தராது. இக்குறை ஒரு வீட்டுத் திண்ணையோடு நின்றுவிட்டதன்று. நம் இதழ்களிலும் மேடைகளிலும் உள்ளது. தனித்தமிழ் பேணுகின்றோம் என்று பெருமை கொள்ளும் நம் எழுத்திலேயே உள்ளது. அதனை எடுத்துக்காட்டவே இதனை எழுதுகின்றேன்.

கடன்வந்த சொல்லின் பொருள்

முதற்கண் அவ்வாங்கிலச் சொல்லுக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம். பிறமொழிச் சொல்லை இகழ்வது நம் கொள்கையன்று. அது தன் வீட்டில் நன்றாக வாழட்டும். நம் வீட்டில் நம் சொல் வாழட்டும் என்பதே நாம் கேட்பது.

'டேங்கிள்' என்பது ஆங்கிலத்தில் பெயராகவும் வினையாகவும் வழங்குவது. நூல், மயிர், கயிறு, கொடி போன்று நீண்டு நெகிழ்ந்த பொருள்கள், ஒழுங்கின்றித் தம்முள் மாட்டிக்கொண்டு, எளிதிற் பிரிக்கவியலாமற் கிடக்கும் நிலையே அதன் நேர்ப்பொருள். குழம்பிய நிலைமையும், ஒருவரோடொருவர் மோதிக்கொள்ளுதலும் அதன் வழிப்பொருள்கள். அதன்முன் ஓர் ஒட்டைச் சேர்த்தால் மாட்டிவிடுதல் என்றாகும். வேறோர் ஒட்டைச் சேர்த்தால் விடுவித்தல் என்றாகும். அடிச்சொல் ஒன்றே, ஒட்டுகளே வேலை செய்யும்.

அம்மொழியிலேயே 'ரேவல்' என்றொரு சொல்லுண்டு. அதற்குச் சிக்காக்குதல் என்றும் பொருள். சிக்கெடுத்தல் என்றும் பொருள்! எதிர்மறை ஒட்டினைச் சேர்த்து 'அன்ரேவல்' என்றாலும் சிக்கெடுத்தலே. துணியோரத்து இழை பிரிவதும், பிரிந்த இழைகள் பின்னர்த் தம்முட் சிக்குவதும் அடுத்தடுத்து நிகழ்வதால், ஒரு சொல்லே இரண்டுக்கும் ஆயிற்று. துப்பு என்பதைக் குறிக்கும் 'க்ளூ' என்னும் சொல்லும் நூலினின்று பிறந்ததே. பழைய கிரேக்கக் கதையில் தீசியசு என்பான், புகுந்தார் மீளவியலாத சுழல்வழி மனையினின்று வெளிவருவதற்கு ஒரு நூலுருண்டையைத் துணைக்கொண்டான். நூலுருண்டையைக் குறித்த அச்சொல்லே இன்று துப்புக்குப் பெயராயிற்று.

இவற்றால் விளங்குவது யாது? நூல் நூற்ற கையும் கயிறு திரித்த கையுமே எம்மொழிக்கும் கருத்துச் சொற்களை ஈன்று தந்தன. ஆங்கிலேயன் தன் பாட்டி கையிலிருந்து தன் சொற்களைப் பெற்றான். நாமோ நம் பாட்டியின் கையை விட்டுவிட்டு, அவன் பாட்டியின் கையைப் பற்ற விழைகின்றோம்.

நம் கையிலுள்ள செல்வம்

இனி, நம்மிடம் உள்ளவற்றை எண்ணிப் பார்ப்போம்.

சிக்கு என்பதன் அடிப்பொருள் அகப்பட்டு இறுகுதல். மீன் வலையிற் சிக்குகின்றது. முள்ளில் ஆடை சிக்குகின்றது. வெளிப்படவேண்டியது வெளிப்படாமல் இறுகி நிற்றலை மலச்சிக்கல் என்கின்றோம். இறுக்கம் என்னும் இப்பொருளே நல்ல பக்கமும் திரும்பியது. திருவாசகத்துப் பிடித்தபத்தில் வரும் 'சிக்கென' என்னும் சொல்லுக்கு உறுதியாக, விடாமல் என்பது பொருள். கைப்பொருளை வீணே நழுவவிடாமல் இறுகப் பிடித்தல் சிக்கனம். நாகைக்கு அருகேயுள்ள சிக்கல் என்னும் ஊரின் பெயருக்கும், வெண்ணெயாற் செய்த திருமேனி பெயர்க்கவொண்ணாமல் இறுகிவிட்டது என்னும் கதையையே அங்குள்ள கோயிலிற் கூறுவர். ஒரு வேர், எத்துணைக் கிளைகள்!

சிடுக்கு என்பது சிறிதாய்த் திரண்டு கடினமாகிவிட்ட சிக்கு. சிணுக்கு என்பதும் மயிரிற் காணும் சிக்கே. அதனை எடுப்பதற்கென்றே சிணுக்கோலி என்னும் கருவி நம் வீடுகளில் இருந்தது. எடுப்பாரின்றி நாட்பட்டுத் திரிந்துபோனது சடை. செடியும் கொடியும் முள்ளும் நெருங்கிப் பின்னி, உட்புக வழியின்றிக் கிடப்பது தூறு.

இவை ஒரு வகை. இன்னொரு வகையைப் பாருங்கள். முடிச்சு, சுருக்கு, கண்ணி, பின்னல், புரி, பிணையல். இவையும் நூலும் கயிறும் ஒன்றோடொன்று மாட்டிய நிலைகளே. ஆயினும் முன்னவற்றுக்கும் இவற்றுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. சிக்கும் சிடுக்கும் சடையும் தூறும் தாமாக நேர்வன. அவற்றை யாரும் வேண்டிச் செய்வதில்லை. முடிச்சும் சுருக்கும் கண்ணியும் பின்னலுமோ கை செய்வன. முடிச்சு என்றால் முடிந்தவன் ஒருவன் உண்டு. சுருக்கு என்றால் அதனை இட்டவன் ஒருவன் உண்டு. கண்ணி என்றால் அது யாருக்காக வைக்கப்பட்டது என்னும் கேள்வியும் உடன் உண்டு.

தமிழன் இவ்விரு வகைகளையும் ஒரு சொல்லுக்குள் அடக்கினான் அல்லன். எடுத்தற்குரியது, நெம்புதற்குரியது, அவிழ்த்தற்குரியது, அறுத்தற்குரியது, பிரித்தற்குரியது, வெட்டித் திருத்துதற்குரியது என்று வினையையும் வேறுபடுத்தி வைத்தான். பெயரைச் சொன்ன அளவிலேயே செய்யவேண்டிய வேலையும் விளங்கிவிடும். இதுவே நம் மொழியின் நுட்பம்.

பிணங்குதல் என்னும் சொல்லையும் கருதுக. கொடிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடத்தலும் பிணங்குதலே. மாந்தர் தம்முள் மாறுபட்டு நிற்றலும் பிணங்குதலே. தொலைவில் இருப்பாரோடு பிணக்கு நேர்வதில்லை. நெருங்கிப் பின்னியிருப்பாரிடையேதான் நேரும் என்னும் வாழ்க்கையுண்மை அச்சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றது.

அறிவியலிலும் இவ்வேறுபாடு பயன்படும். 1935ஆம் ஆண்டில் சுரோடிங்கர் என்னும் இயற்பியலறிஞர், ஒருகாற் சேர்ந்தியங்கிய இரு நுண்துகள்கள் பிரிந்து சென்ற பின்னும் அவற்றின் நிலைகளைத் தனித்தனியே கூறவியலாத தன்மைக்கு ஒரு பெயர் தேடினார். ஆங்கிலத்தில் அவர் இட்ட பெயர் 'டேங்கிள்' என்னும் அடியினின்று பிறந்தது. தம் தாய்மொழியாகிய செருமானியத்தில் அவர் இட்ட பெயரோ, கைகளை ஒன்றன்மேலொன்றாகக் கட்டிக்கொள்வது போன்ற கோப்பைக் குறிப்பது. அதில் ஒழுங்கு உண்டு; குழப்பம் இல்லை. 2022ஆம் ஆண்டின் இயற்பியல் நோபெல் பரிசு, இத்தன்மையை ஆய்வால் நிறுவிய ஆசுபெக்டு, கிளாசர், சைலிங்கர் ஆகிய மூவர்க்கும் வழங்கப்பட்டது. ஆங்கிலச் சொல்லை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பவர் இதனைச் 'சிக்கல்' என்பர்; பொருளைப் பார்ப்பவர் 'பிணைவு' என்பர். பின்னதே பொருந்தும். ஆங்கிலத்தின் ஊடாகவே உலகைக் காணும் பழக்கம் நம்மை எங்கே வழுக்கிவிடும் என்பதற்கு இஃதொரு சான்று.

நாம் செய்த பிழை

இனி, நம் குறையைப் பேசுவோம்.

ஒரு காலத்தில் இதழ்களைத் திறந்தால் எங்கும் 'பிரச்சினை'யே நிறைந்திருந்தது. அச்சொல்லின் மூலமாகிய வடசொல்லுக்கு வினா என்பதே பொருள். வினாவுக்கு வந்த சொல் தொல்லைக்கும் ஆயிற்று, துன்பத்துக்கும் ஆயிற்று, சண்டைக்கும் ஆயிற்று. பின்னர் நகர வாய்களில் 'ப்ராப்ளம்' வந்தமர்ந்தது. கிரேக்க மூலத்தில் அதற்கு 'முன்னே எறியப்பட்டது' என்று பொருள். மருத்துவமனைகளிலோ 'காம்ப்ளிகேசன்' குடிபுகுந்தது. அதன் இலத்தீன மூலத்துக்குச் 'சேர்த்து மடித்தல்' என்று பொருள்.

1916இல் மறைமலையடிகள் தொடங்கிவைத்த தனித்தமிழ் முயற்சியின் வழிவந்த நாம், இம்மூன்றையும் விலக்கிச் 'சிக்கல்' என்னும் நற்றமிழ்ச் சொல்லை முன்னிறுத்தினோம். அது வென்றது. இன்று நம்மை எள்ளி நகையாடும் நாளிதழ்களும் தம்மை அறியாமலே அச்சொல்லை எழுதுகின்றன. பேறுகாலச் சிக்கல் என்று மருத்துவரும் எழுதுகின்றார். மகிழ்ச்சியே.

ஆனால் வெற்றியோடு ஒரு சோம்பலும் வந்துவிட்டது. 'பிரச்சினை' இருந்த இடமெல்லாம் அதனை அடித்துவிட்டுச் 'சிக்கல்' என்று எழுதினால் தமிழ்த்தொண்டு முடிந்தது என்று எண்ணிவிட்டோம். குடிநீர் கிடைக்கவில்லையா? குடிநீர்ச் சிக்கல். கையிற் பணம் இல்லையா? பணச் சிக்கல். அண்டை வீட்டாரோடு சண்டையா? அதுவும் சிக்கல். குடிநீர் கிடைக்காமை தட்டுப்பாடு, பணமில்லாமை முட்டுப்பாடு, அண்டை வீட்டுச் சண்டை பூசல். இடர், இடுக்கண், தொல்லை, தடை, நெருக்கடி, பிணக்கு, வழக்கு, கேடு என்று வரிசையாகக் காத்து நிற்கும் சொற்களையெல்லாம் வேலையின்றி நிறுத்திவிட்டு, ஒரே சொல்லின் தலையில் அத்தனை சுமையையும் ஏற்றினோம். வடசொல்லின் இடத்தில் தமிழ்ச்சொல் வந்தது. ஆயினும் அவ்வடசொல்லால் விளைந்த மழுங்கல் அப்படியே இருக்கின்றது. குடம் மாறியது, ஓட்டை மாறவில்லை.

சிக்கல் அன்று, முடிச்சு

இதனால் என்ன கேடு என்று வினவலாம். சொல் மழுங்கினால் கண் மழுங்கும். கண் மழுங்கினால் குற்றவாளி தப்பிப் போவான். இதுவே கேடு.

நான் அமர்ந்திருந்த திண்ணைக்குச் சற்றுத் தெற்கே கொள்ளிடம். வெள்ளக் காலத்தில் காவிரியின் மிகைநீரைச் சுமந்து கடலுக்குப் போவது. ஏனைய நாளில் மணற்பரப்பாய்க் கிடப்பது. அப்பகுதி ஏரிகளுக்கும் காவிரியே தாய். 2024இல் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக இராம்சர் பட்டியலில் ஏற்கப்பெற்ற கரைவெட்டி ஏரிக்கும் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே காவிரி நீர்தான் வருகின்றது. காவிரி வந்தால் உழவனுக்கு நெல், பறவைக்கு மீன். வாராவிட்டால் இருவருக்கும் பட்டினி. இங்கு வாழும் ஒருவரிடம் 'காவிரிச் சிக்கல்' என்று சொல்லிப் பாருங்கள். நாமும் அப்படித்தான் தலைப்பிட்டு எழுதி வந்திருக்கின்றோம்.

அது சிக்கலா? நூல் தானாகச் சிக்குண்டதா? 1892லும் 1924லும் உடன்படிக்கைகள் எழுதப்பட்டன. 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது. 1991இல் அது ஆண்டுக்கு 205 டி.எம்.சி. நீரை விடுமாறு இடைக்கால ஆணை பிறப்பித்தது. அவ்வாணையைச் செயலற்றதாக்கக் கருநாடக அரசு தனியே ஒரு சட்டம் பிறப்பித்தது. உச்ச நயன்மன்றம் அது செல்லாது என்றது. அவ்வாண்டு திசம்பரிலேயே பெங்களூரில் தமிழர் தாக்கப்பட்டனர். 2007இல் வந்த இறுதித் தீர்ப்பு 192 டி.எம்.சி. என்றது. 2018இல் உச்ச நயன்மன்றம் அதனையும் 177.25 ஆகக் குறைத்தது. ஒவ்வொரு படியிலும் ஒரு கை தெரிகின்றதன்றோ? கொடுக்க வேண்டியவர் உண்டு, பெற வேண்டியவர் உண்டு, மறுத்தவர் உண்டு. அது வழக்கு, உரிமை வழக்கு. உவமையாற் சொல்ல வேண்டுமெனில், முடிச்சு. அதனைச் சிக்கல் என்று சொன்ன அளவிலேயே, ஏதோ இயற்கையாய் நேர்ந்த குழப்பம், இருபாலும் சம அளவிற் பிழையுண்டு, பொறுமையாய்ப் பேசிக் கொண்டிருக்கலாம் என்னும் எண்ணத்தைக் கேட்பவர் உள்ளத்தில் நாமே விதைத்துவிடுகின்றோம்.

மொழிச்சிக்கல் என்கின்றோம். 1937இல் பள்ளிகளில் இந்தி கட்டாயம் என்ற அறிவிப்பு வந்ததும், 1965இல் மாணவர் தெருவில் இறங்கியதும் சிக்கலாலா? அது திணிப்பு. திணித்தவர் பெயர் வரலாற்றில் இருக்கின்றது. இலங்கையில் இனச்சிக்கல் என்கின்றோம். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் செய்ததும், 1981இல் யாழ்ப்பாணத்து நூலகத்தை எரித்ததும், 1983 சூலையில் தமிழரைத் தெருத்தெருவாக வேட்டையாடியதும் நூலிழைகள் தாமே மாட்டிக்கொண்ட சிக்கா? அது ஒடுக்குமுறை. சாதிச்சிக்கல் என்கின்றோம். குடிக்கும் நீரில் தீண்டாமை காட்டுவது சிக்கலன்று, கொடுமை. எரித்தவனும் மறுத்தவனும் திணித்தவனும் நமது சொல்லின் நிழலில் ஒளிந்துகொள்ள நாம் இடங்கொடுக்கலாமா?

உண்மையான சிக்கல்களும் உலகில் உண்டு. மூன்று தலைமுறையாகப் பங்கு பிரியாத நிலம். தாத்தன் பெயரில் ஒரு தாள், பெரியப்பன் பெயரில் ஒரு தாள், இறந்தார் சிலர், அயலூர் சென்றார் சிலர். யாரும் ஏமாற்றவில்லை, ஆயினும் தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. அது சிக்கல். அதற்கு வேண்டியது சினமன்று, பொறுமை. நுனியைத் தேடி இழையிழையாய் எடுக்க வேண்டும். அங்கே போய், 'இது சூழ்ச்சி' என்று கூவினால் உடன்பிறந்தார் பகைவராவர். ஆகவே சிக்கலை முடிச்சு என்பதும் பிழை. முடிச்சைச் சிக்கல் என்பதும் பிழை. முன்னது வீண்பகை வளர்க்கும். பின்னது உண்மைப் பகையை மறைக்கும்.

பொருளிலிருந்து பெயருக்கு

நம் அன்பர் சிலர், "வடசொல்லை விரட்ட ஒரு தமிழ்ச்சொல் நிலைபெற்றதே அரிது, அதற்குள் அச்சொல்லையே குறைகூறினால் மக்கள் மீண்டும் 'பிரச்சினை'க்கே போய்விடமாட்டார்களா?" என்று அஞ்சலாம். அஞ்ச வேண்டா. ஒரு சொல்லைத் தாங்கி நிறுத்துவது அதன் இனச்சொற்களே. தனிமரம் எளிதிற் சாயும், தோப்பு சாயாது. சிக்கலோடு சிடுக்கும், முடிச்சும், பிணக்கும், பூசலும், தட்டுப்பாடும் ஒருங்கே வழக்கில் இருந்தால், அயற்சொல் நுழைய இடுக்கே இராது. ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் வைத்திருந்தால்தான், 'இதனினும் நுட்பமான சொல் வேண்டும்' என்று படித்தவன் ஆங்கிலத்துக்கு ஓடுவான். ஓடிப்போய், 'டேங்கிள்' என்று திரும்பி வருவான்.

இதற்கு வழியும் திருமானூர்ப் பகுதியிலேயே உண்டு. அவ்வொன்றியத்தைச் சேர்ந்த ஏலாக்குறிச்சியில் வாழ்ந்தவர் இத்தாலி நாட்டினின்று வந்த வீரமாமுனிவர். முதலில் தைரியநாதர் எனப்பட்டவர் அவர். 1732இல் அவர் தொகுத்த சதுரகராதி, தமிழ் அகரமுதலி வரலாற்றில் ஒரு திருப்பம். அதனை அவர் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காக வகுத்தார். சொல்லை அறிந்து பொருளைத் தேடுவார்க்கு ஒரு பகுதி; பொருளை அறிந்து சொல்லைத் தேடுவார்க்கு ஒரு பகுதி. அயல்நாட்டில் பிறந்த ஒருவருக்கு, தமிழில் ஒரு பொருளுக்குப் பல சொல் உண்டென்பதும், அவற்றைத் தேடி எடுக்க ஒரு வாயில் வேண்டுமென்பதும் விளங்கியிருந்தன. தமிழகத்திற் பிறந்த நாம் இன்று செய்வது யாது? ஆங்கிலச் சொல்லை முதலில் நினைக்கின்றோம். பின்னர் அதற்குத் தமிழ் தேடுகின்றோம். பொருளிலிருந்து நேரே தமிழுக்குச் செல்லும் வாயிலை அடைத்துவிட்டோம்.

மொழிஞாயிறு பாவாணர் 1974இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றார், 1981இல் மறைந்தார். அதன் முதற்பகுதி 1985இல் வெளிவந்தது. தாம் உழைத்த நூலை அச்சிற் காணாமலே அவர் சென்றார். அகரமுதலிகள் இருக்கின்றன. ஆனால் ஏட்டில் இருக்கும் சொல் உறங்கும் சொல். நாவில் இருக்கும் சொல்லே வாழும் சொல்.

எனவே அன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று: சிக்கல் என்று எழுதப் புகும்போதெல்லாம், 'இது தானாக நேர்ந்ததா, ஒரு கை செய்ததா?' என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கை செய்ததாயின், அக்கையின் பெயரோடு எழுதுங்கள். இரண்டு: உங்கள் ஊரில் நூலுக்கும், மயிருக்கும், வலைக்கும், வைக்கோற்புரிக்கும், கொடிக்கும் நேரும் சிக்குகளை நெசவாளரும் மீனவரும் உழவரும் தாய்மாரும் எவ்வெச் சொற்களால் குறிக்கின்றனர் என்று கேட்டு எழுதியனுப்புங்கள். அவற்றுள் அகரமுதலி ஏறாதன பல இருத்தல் கூடும். மூன்று: வீட்டிற் சிறுமிக்குத் தலைவாரும்போது பேசுங்கள். தொலைக்காட்சி விளம்பரம் பேசுவதற்கு முன்னர் நீங்கள் பேசிவிடுங்கள்.

அன்று நான் புறப்படும்போது சிறுமி இரட்டைச்சடையோடு பள்ளிக்குக் கிளம்பி நின்றாள். "இப்ப சிக்கு இருக்கா?" என்று கேட்டேன். தலையைத் தடவிப் பார்த்தாள். "சிக்கு இல்ல, சிடுக்கும் இல்ல. இது அப்பாயி போட்ட பின்னல்" என்றாள். போட்ட கை எது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.